நடுவில் கிடக்கும் தகடு

கோலாலம்பூரை ஒட்டிய பெட்டாலிங் ஜெயாவில் பிற்பகல் மழை சொல்லிவைத்தாற்போல் வரும். அப்படியொரு மழைக்கு ஒதுங்கித்தான் தாமான் ஜெயா எல்.ஆர்.டி நிலையத்தின் மேடையில் நின்றுகொண்டிருந்தேன். சாலையிலிருந்து படியேறிப் போக வேண்டிய, தூண்களின் மேல் நிற்கிற நிலையம். பொழுது போகாமல் பாதையை எட்டிப் பார்த்தேன். இரண்டு தண்டவாளங்கள். அவற்றுக்கு நடுவே, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை, ஏறக்குறைய ஓரடி அகலத்தில் ஒரு தட்டையான உலோகப் பட்டை. கேபிளுக்கு மூடி போட்டிருக்கிறார்கள் என்று முடிவு கட்டிக்கொண்டேன். அந்த முடிவோடு பல மாதங்கள் அந்த ரயிலில் போய் வந்தேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

கிளானா ஜெயா தடம் என்று பெயர் பெற்ற இந்தப் பாதையின் முதல் பகுதி 1998 செப்டம்பரில் திறக்கப்பட்டது. இன்று 46 கிலோமீட்டர் நீளம், 37 நிலையங்கள். ரயிலில் ஓட்டுநர் கிடையாது. அதனால் முன்பக்கக் கண்ணாடியருகே இடம் பிடிக்கப் பிள்ளைகளுக்குள் சண்டை நடக்கும். பெரியவர்களும் கொஞ்சம் கூச்சத்தோடு போட்டியில் சேர்வார்கள். ஓட்டுநர் இல்லாமல் ரயில் எப்படி ஓடுகிறது என்பது நல்ல கேள்விதான். எனக்கு அதைவிட விசித்திரமாகப் படுவது வேறொன்று. இந்த ரயிலின் சக்கரங்களை எந்த மோட்டாரும் சுற்றுவதில்லை.

சைக்கிளில் நாம் மிதிக்கிற மிதி சங்கிலி வழியாகப் பின்சக்கரத்தைச் சுற்றுகிறது. சக்கரம் தரையைப் பின்னுக்குத் தள்ளுகிறது. சைக்கிள் முன்னால் போகிறது. கார், பேருந்து, சாதாரண மின்ரயில் எல்லாம் இந்த வகைதான். தாமான் ஜெயாவில் வந்து நிற்கும் ரயிலின் சக்கரமோ மாட்டு வண்டிச் சக்கரத்தின் இனம். சும்மா உருளும், பாரம் தாங்கும், அவ்வளவுதான். வண்டியை இழுப்பது மாடு. அப்படியானால் இங்கே மாடு எங்கே?

மாட்டின் ஒரு பாதி பெட்டிக்கு அடியில் தொங்குகிறது. மறுபாதி, நான் கேபிள் மூடி என்று நினைத்த அந்தப் பட்டை.

பட்டையின் மேல்தகடு அலுமினியம். இங்கேதான் புதிர் முறுக்கிக்கொள்கிறது. அலுமினியத்தைக் காந்தம் ஈர்க்காது. அடுக்களையில் இருக்கும் அலுமினியக் குண்டானில் காந்தத்தை ஒட்டிப் பார்த்த எவருக்கும் இது தெரியும். ஆனால் பெட்டிக்கு அடியில் தொங்குவது மின்காந்தம். ஈர்க்க முடியாத உலோகத்தின் மீது காந்தத்துக்கு என்ன பிடி?

இதற்கான விடை பல காலம் நம் வீட்டு வாசலிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. பழைய மின்சார மீட்டரை நினைத்துப் பாருங்கள். கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் ஒரு மெல்லிய தட்டு, ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு. வீட்டில் கிரைண்டர் ஓடினால் வேகமாகச் சுற்றும். ஒற்றை விளக்கு எரிந்தால் மெல்ல நகரும். அந்தத் தட்டு அலுமினியத்தால் ஆனது. அதற்கு எந்தக் கம்பியும் போகவில்லை, எந்தப் பல்சக்கரமும் அதைத் தள்ளவில்லை. மேலும் கீழும் கம்பிச்சுருள்கள் இருந்தன. அவை தட்டைத் தொடவே இல்லை. தொடாமலேயே அதைச் சுழற்றின. அதே தட்டின் இன்னொரு விளிம்பைக் கவ்வினாற்போல் ஒரு நிலைக்காந்தம் இருந்தது. அதன் வேலை பிரேக் போடுவது. அதுவும் தொடாமல்தான்.

தள்ளுவது, பிடித்து நிறுத்துவது இரண்டுமே ஒரே சங்கதி என்பதை மனிதர்கள் கண்டுபிடித்த கதை இருநூறு ஆண்டு பழையது. பிரான்சின் பிரான்சுவா அராகோ 1820-களில் ஒரு சின்ன விஷயத்தைக் கவனித்தார். திசைகாட்டி ஊசியை ஆட்டிவிட்டால் அது வெகுநேரம் ஊசலாடும். அடியில் செப்புத் தகடு இருந்தால் சீக்கிரம் அடங்கிவிடுகிறது. செம்பும் அலுமினியத்தைப் போலக் காந்தத்துக்கு மசியாத உலோகம். அராகோ அடுத்த அடி எடுத்துவைத்தார்: ஊசியைச் சும்மா விட்டுவிட்டு அடியிலிருந்த செப்புத் தட்டைச் சுழற்றினார். ஊசி தட்டைத் துரத்திக்கொண்டு சுற்றியது. தட்டு கிளப்பும் காற்றுதான் ஊசியை அடித்துப் போகிறதோ என்ற சந்தேகத்துக்கும் இடமில்லை, நடுவே ஒரு தடுப்பு இருந்தது.

லண்டனில் சார்லஸ் பாபேஜும் ஜான் ஹெர்ஷலும் 1825-இல் இதைத் தலைகீழாகச் செய்து பார்த்தார்கள். காந்தத்தைச் சுழற்றினால் செப்புத் தட்டு பின்னாலேயே சுற்றியது. பிறகு அவர்கள் செய்த சோதனைதான் என் மனத்துக்குப் பிடித்தது. தட்டில் மையத்திலிருந்து விளிம்பை நோக்கிச் சில கீறல்களை வெட்டினார்கள். உலோகத்தின் எடை ஏறக்குறைய அதேதான். ஆனால் இழுவை வெகுவாகக் குறைந்துவிட்டது. கீறல்களை உலோகம் உருக்கிப் பற்றவைத்து மூடினார்கள். இழுவை திரும்ப வந்தது. அப்படியானால் தட்டுக்குள் ஏதோ ஒன்று வளைந்து வளைந்து ஓடுகிறது, கீறல் அதன் வழியை மறிக்கிறது என்றாகிறது. ஓடுவது என்ன என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. 1831-இல் மைக்கேல் ஃபாரடே சொன்னார்: மின்சாரம்.

காந்தம் உலோகத்தின் அருகே நகரும்போது உலோகத்துக்குள் மின்சாரம் தானாகத் தூண்டப்படுகிறது. ஆற்றில் துடுப்புப் போட்டால் துடுப்பின் ஓரத்தில் சுழி விழுகிறதே, அதுபோல இந்த மின்சாரமும் தகட்டுக்குள்ளேயே சுழிகளாகச் சுற்றி வருகிறது. பாடநூலில் இதற்குச் சுழல் மின்னோட்டம் என்று பெயர். சுழலும் மின்சாரம் தானே ஒரு சிறு காந்தமாகிவிடும். அந்தக் காந்தத்துக்கு ஒரு குணம் உண்டு: மாற்றத்தைப் பொறுக்காது. வெளிக்காந்தம் நெருங்கினால் ‘வராதே’ என்று தள்ளும், விலகினால் ‘போகாதே’ என்று இழுக்கும். வெளிக்காந்தம் அசையாமல் இருந்தாலோ ஒன்றும் செய்யாது. குண்டானில் ஒட்டவைத்துப் பார்த்தபோது காந்தம் அசையவில்லை, அதனால்தான் ஒன்றும் நடக்கவில்லை.

நம்பிக்கை வரவில்லையென்றால் கனமான அலுமினியத் தோசைக்கல் ஒன்றைச் சரித்து வைத்து, பலமான சிறிய நியோடிமியம் காந்தம் ஒன்றை அதன் மேல் சறுக்கவிடுங்கள். மரப்பலகையில் சரேலென்று வழுக்கிப்போகும் காந்தம், கல்லின் மேல் பாகில் விழுந்த எறும்பைப் போல நிதானமாக இறங்கும். (இண்டக்ஷன் அடுப்புக்கென்று அடியில் இரும்பு வைத்த கல் வேண்டாம். காந்தம் அப்படியே ஒட்டிக்கொள்ளும்.)

ஆக, அலுமினியத்துக்கு மேலே நகரும் காந்தம் கெட்டிப் பாயசத்தில் இழுக்கும் கரண்டிக்குச் சமம். பாயசத்தைக் கரண்டி இழுக்கும், கரண்டியைப் பாயசம் பிடிக்கும். யார் நகர்கிறார் என்பது, யாரைக் கட்டிப்போட்டிருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. மீட்டரில் சுருள்கள் கட்டுண்டவை, தட்டு சுற்றியது. தாமான் ஜெயாவில் தகட்டைப் பாலத்தோடு சேர்த்துப் பூட்டியிருக்கிறார்கள். அதனால் சுருளைச் சுமக்கும் ரயில் நகர வேண்டியதாகிறது.

இன்னும் ஒரு முடிச்சு பாக்கி. நின்றுகொண்டிருக்கும் ரயிலில் காந்தமும் நின்றுகொண்டுதானே இருக்கிறது? நகராத காந்தத்துக்குத் தகடு அசையாது என்று இப்போதுதான் சொன்னோம். முதல் தள்ளு எங்கிருந்து வருகிறது?

கோயில் திருவிழாவில் தெரு நெடுகக் கட்டும் சீரியல் விளக்குகளில் ஒளி ஓடும். உண்மையில் ஒரு பல்புகூட இடம்விட்டு நகர்வதில்லை; ஒன்று அணைய அடுத்தது எரிகிறது, கண்ணுக்கு ஓட்டமாகத் தெரிகிறது. பெட்டிக்கு அடியில் வரிசையாக வைத்த கம்பிச்சுருள்களும் அப்படித்தான். முதல் சுருளில் காந்தம் உச்சம் ஏறி இறங்கும்போது இரண்டாவதில் ஏறுகிறது, பிறகு மூன்றாவதில். விவசாயிகள் பம்புசெட்டுக்குக் கேட்டு வாங்கும் மும்முனை மின்சாரம் இதற்கென்றே அளவெடுத்துத் தைத்தது: அதன் மூன்று மின்னோட்டங்களும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் உச்சத்தைத் தொடுகின்றன. சுருள்கள் அசையாதிருக்க, காந்த அலை மட்டும் பெட்டியின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் ஓடுகிறது.

பம்புசெட் மோட்டாரில் இந்தச் சுருள்களை வட்டமாக அடுக்கியிருப்பார்கள். காந்த அலை வட்டமடிக்கும். நடுவில் இருக்கும் உருளை, ஒரு கம்பித் தொடர்பும் இல்லாமல், அதைத் துரத்திச் சுற்றும். இதுதான் தூண்டல் மோட்டார். இப்போது அந்த மோட்டாரை ஓரிடத்தில் வெட்டி, சுருட்டிவைத்த பாயைப் போலத் தரையில் விரியுங்கள். வெளிவட்டச் சுருள்கள் நீண்ட வரிசையாகும், நடு உருளை நீண்ட தகடாகும், சுற்றுவதற்குப் பதில் நேராக ஓடும். நேரியல் தூண்டல் மோட்டார் என்பது இதன் முழுப்பெயர். நான் ‘விரித்த மோட்டார்’ என்று சொல்லிக்கொள்கிறேன், பாய் நினைவு வருவதால்.

காந்த அலை பின்னால் ஓடித் தகட்டையும் தன்னோடு பின்னுக்கு இழுக்கப் பார்க்கிறது. தகடு வராது. கழியை ஆற்றின் தரையில் ஊன்றிப் பின்னால் உந்தும் ஓடக்காரர் முன்னால் போவதைப் போல, ரயில் முன்னால் போகிறது.

அலையின் வேகத்தை ரயில் முழுவதும் எட்டிப்பிடித்துவிட்டால் என்ன ஆகும்? உந்து விசை நின்றுவிடும். அலையின் ஒரு முழு நீளம் அரை மீட்டர் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். நொடிக்கு 40 அலை என்றால் 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர். ரயிலும் முன்னோக்கிச் சரியாக 72-இல் போனால், தகட்டின் பார்வையில் அலையின் பின்னோட்டமும் ரயிலின் முன்னோட்டமும் கழிந்து, காந்தம் அசையாமல் நிற்பதாகவே ஆகிவிடும். மாற்றம் இல்லை, சுழல் மின்னோட்டமும் இல்லை. ஆகவே ரயில் எப்போதும் கொஞ்சம் பின்தங்கியே ஓட வேண்டும். இந்தப் பின்தங்கலுக்கு நழுவல் என்று பெயர். உந்துவிசை முழுவதும் இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது. பிரேக்குக்கும் இதுவே வழி: அலையை ரயிலைவிட மெதுவாக ஓடவிட்டால், தள்ளிய தகடே பிடித்து இழுக்கும்.

பாதையோரக் கம்பியிலிருந்து ரயில் எடுப்பது 750 வோல்ட் நேர்மின்சாரம். அதை மும்முனையாக மாற்றி, நொடிக்கு இத்தனை அலை என்று கூட்டிக் குறைப்பது பெட்டிக்கு அடியிலிருக்கும் மின்னணுக் கருவி. ரயில் கிளம்பும்போது கீழிருந்து ஓர் ஊளை எழுந்து சுருதி மாறிக்கொண்டே போகுமே, அது பெரும்பாலும் இந்தக் கருவியும் சுருள்களும் போடும் சத்தம்.

சுருளுக்கும் தகட்டுக்கும் இடைவெளி ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். சுண்டுவிரல் நுழையும். (நுழைக்க வேண்டாம்.) ஆட்கள் நிரம்பிய பெட்டி, தேய்ந்துகொண்டே வரும் சக்கரம், வெயிலில் நீளும் உலோகம், இத்தனைக்கும் நடுவே கிலோமீட்டர் கணக்கில் அந்த ஒரு சென்டிமீட்டரைக் காப்பாற்ற வேண்டும். போல்ட் தளர்ந்தால் என்ன ஆகும் என்பதை டொராண்டோ பார்த்தது. ஸ்கார்பரோ புறநகரில் 1985 முதல் ஓடிய இதே குடும்பத்து ரயிலின் கடைசிப் பெட்டி 2023 ஜூலையில் தடம் புரண்டது. தகட்டைப் பாதையோடு பிணைத்திருந்த போல்ட்டுகள் ஓரிடத்தில் விட்டுப்போனதுதான் முக்கியக் காரணம் என்று விசாரணை சொன்னது. ஏற்கெனவே வயதாகி மூடப்படவிருந்த அந்தத் தடம் அதன்பின் திறக்கப்படவே இல்லை.

இத்தனை சிரமத்துக்கு என்ன லாபம்? மறுபடி மழைக்கு வருவோம். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின் மேல் பிடிப்பது சொற்பம். நனைந்தால் இன்னும் சொற்பம். சக்கரத்தைச் சுற்றி ஓடும் ரயில் இந்தச் சொற்பத்தை நம்பித்தான் கிளம்ப வேண்டும், ஏற வேண்டும். நீலகிரி மலை ரயிலில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே ஏற்றம் ஏறக்குறைய பன்னிரண்டு அடிக்கு ஓரடி. சக்கரம் வழுக்கும் என்பதால் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை போட்டார்கள். எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கடித்துக்கொண்டு ஏறுகிறது. பெட்டாலிங் ஜெயாவின் அலுமினியப் பட்டையும் நடுவில்தான் கிடக்கிறது, ஏறக்குறைய அதே வேலையைத்தான் செய்கிறது. பல் மட்டும் கண்ணுக்குத் தெரியாது, தேயவும் தேயாது. மழையானாலும் வெயிலானாலும் உந்துவிசை மாறுவதில்லை. ஓட்டுநர் இல்லாமல் கணினி ஓட்டும் ரயிலுக்கு இது பெரிய வரம். எவ்வளவு சொன்னால் எவ்வளவு நகரும் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

ஏற்றத்தையும் வண்டியிலேயே உணரலாம். பசார் செனி நிலையம் தூண்களின் மேல் இருக்கிறது. அடுத்த நிலையமான மஸ்ஜித் ஜமேக் பூமிக்கு அடியில். சின்னத் தூரத்துக்குள் ரயில் தலைகுப்புறச் சரிந்து இறங்கும், எதிர்த்திசையில் மூச்சு வாங்காமல் ஏறும்.

இன்னொரு லாபம் கொஞ்சம் மறைவானது. மோட்டாரும் பல்சக்கரப் பெட்டியும் அச்சில் தொங்காததால் சக்கரங்கள் சிறியவை, பெட்டி தணிவானது, எடை குறைவு. வளைவுகளில் அச்சுகள் சற்றே திரும்பிக்கொடுக்கும்படி அமைக்கவும் முடிகிறது. ஏற்கெனவே வீடும் கடையும் நெருக்கி நிற்கும் ஊரில், சாலை வளையும் இடமெல்லாம் கூடவே வளைந்து பாலம் கட்ட வேண்டுமென்றால் இந்தக் குணங்களுக்கு விலை உண்டு.

நஷ்டக் கணக்கும் இருக்கிறது. சாதாரண மோட்டாரில் சுருளுக்கும் உருளைக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர் அளவில் இருக்கும். இங்கே அது போலப் பத்து மடங்கு, காந்தத்தின் பலத்தில் நல்ல பங்கு அந்தக் காற்றிலேயே கரைகிறது. அதைக் கொஞ்சமாவது ஈடுகட்டத்தான் அலுமினியத்துக்கு அடியில் இரும்பு வைத்திருக்கிறார்கள், காந்தப்புலம் அதன் வழியாகச் சுற்றி வரட்டும் என்று. இரண்டாவது நஷ்டம், வட்டத்துக்கு முனை கிடையாது, விரித்த பாய்க்கு உண்டு. சுருள்வரிசையின் முன்முனை ஒவ்வொரு கணமும் புதுத் தகட்டின் மேல் நுழைகிறது. மாற்றத்தைப் பொறுக்காத தகடு அந்த நுழைவையே எதிர்க்கிறது. வேகம் கூடக்கூட இந்த முனைத்தொல்லையும் கூடும். இதோடு தகடு சூடாவதும் சேர்ந்துகொள்ளும். இண்டக்ஷன் அடுப்பில் பாத்திரம் சூடாவதும் இதே சுழல் மின்னோட்டத்தால்தான். நழுவல் அதிகமாக இருப்பது கிளம்பும்போது என்பதால், நிலையத்தை ஒட்டிய தகட்டுக்குச் சூடு கூடுதல். மொத்தத்தில், ஒரே வேலைக்கு இந்த ரயில் கொஞ்சம் கூடுதலாக மின்சாரம் குடிக்கும்.

இந்த மோட்டாரை உலகுக்குப் பிரபலமாக்கிய பிரிட்டிஷ் பொறியாளர் எரிக் லெய்த்வெயிட்டுக்கு முதலில் ரயில் நினைப்பே இல்லை. ஜவுளி ஊரான மான்செஸ்டரில் இருந்தபோது தறியின் நாடாவை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் எறிய வழி தேடித்தான் இதற்குள் வந்தார். ரயிலுக்கு அது வந்த வழியும் கோணல்தான். கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 1970-களின் தொடக்கத்தில் தண்டவாளத்தைத் தொடாமல் மிதக்கும் காந்த ரயிலை ஒரு ஜெர்மன் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கப் பார்த்தது. ஜெர்மன் அரசின் பணம் நின்றதும் 1974-இல் திட்டம் கவிழ்ந்தது. மிதப்பதைக் கைவிட்டார்கள், இரும்புச் சக்கரத்தைத் திரும்ப மாட்டினார்கள், மோட்டாரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஸ்கார்பரோ, வான்கூவர் தடங்கள் அந்த மிச்சத்திலிருந்து பிறந்தவை. அதே ரயிலின் இரண்டாம் தலைமுறை முதலில் ஓடியது கோலாலம்பூரில், இந்தக் கிளானா ஜெயா தடத்தில்.

அதன்பின் வந்தவர்கள் எல்லோரும் இதையே தேர்ந்தெடுக்கவில்லை. வான்கூவரே 2009-இல் திறந்த கனடா தடத்தில் சாதாரண மோட்டாருக்குப் போய்விட்டது. கோலாலம்பூரின் காஜாங் எம்.ஆர்.டி தடமும் அப்படியே. சக்கரம் வழுக்கத் தொடங்கும் கணத்திலேயே கண்டுபிடித்து அடக்கும் மின்னணுவியல் இப்போது மலிந்துவிட்டது. விரித்த மோட்டார் ரயில் செய்கிறவர்கள் சிலரே என்பதால் பேரம் பேசவும் வழியில்லை. என் கருத்தில் 1998-இல் இது புத்திசாலித்தனமான தேர்வு. இன்று புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன், இந்த ஊளைச் சத்தம் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தாலும்.

ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் கிளானா ஜெயா தடத்தின் கடைசி நிலையமான புத்ரா ஹைட்ஸுக்குப் போகலாம். சாதாரண மோட்டாரில் ஓடும் ஸ்ரீ பெட்டாலிங் தடமும் அதே நிலையத்தில்தான் வந்து முடிகிறது. மேடையின் மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே இரண்டு பாதைகளையும் பாருங்கள். ஒன்றில் தண்டவாளங்களுக்கு நடுவே தகடு கிடக்கும். இன்னொன்றில் அந்த இடம் காலியாக இருக்கும்.